ரசீது

பாடாங் செராயில் செம்பனை லாரி போனால்
என் கடைக் கண்ணாடி நடுங்கும்.
அன்றிரவும் நடுங்கியது.
பதினொன்றே கால். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து நுழைந்தார் புவான் ரொகாயா,
காலில் ஜப்பான் சிலிப்பர், கையில் பென்டிரைவ்.

மேனேஜர் பங்களாவில் நான்கு நாளாய்
இரண்டு நாட்டார், இரண்டு சமையல்,
நடுவில் இவர் என்று
கோழிக்கடை வேலப்பன் சொல்லியிருந்தான்.
மலைக்கா ஆற்றுக்கா, எதற்குச் சண்டை என்று
அவனுக்கும் தெரியாது.

ஒரே பக்கம். ஒரே சொல்.
'பின்வாங்கும்' என்று அடித்தால்
ஒரு போன் வந்தது.
'இடம் மாறும்' என்றால் மற்றொன்று.
'விலகும்', 'நகரும்', மறுபடி 'பின்வாங்கும்'.
தாள் சூடாறுமுன் ஒவ்வொன்றும் தோற்றது.

இரண்டு மணிக்கு மலாயில் சொன்னார்:
"அந்த இடத்தை வெறுமையா விடு, தவமலர்.
கட்டைவிரல் அகலம் போதும்.
அவங்க கையாலே எழுதட்டும்."

கெட்ட தாள்களையும் எண்ணி எடுத்துக்கொண்டார்.
மொத்தம் முப்பத்தேழு.
ரசீது யார் பேருக்கு என்றேன்.
"ரெண்டு போடு."
பதினெட்டரை என்று எழுதப்போனேன்;
கையைப் பிடித்தார்.
"அரைப் பக்கத்துக்கும் அடிச்சுக்குவாங்க.
பதினெட்டு, பதினெட்டு.
அந்த ஒண்ணு என்னுது."

பத்து சென்னை மேசையில் தனியே வைத்துவிட்டுக்
குனிந்து வெளியே போனார்.
பின்னாலேயே ஒரு லாரி.
காசு நகர்ந்து, நகர்ந்து,
விளிம்பில் நின்றது.