ஐம்பது நிமிட நிறுத்தம்

பதினொன்று பத்துக்கு ஏற்காட்டில் வண்டி நின்றால்
பன்னிரண்டுக்குத்தான் மறுபடி சேலம்.
நடுவில் கிடக்கும் ஐம்பது நிமிடத்தில்
முன்பெல்லாம் லூர்துசாமி தூங்குவார்,
நான் சில்லறை எண்ணுவேன்.

போன தையில் கடைசி சீட்டுக்கு அடியில்
ஒரு தட்டு கிடைத்தது. ஆரஞ்சு நிறம்.
டப்பா மூடி என்றார் அவர்.
பத்து நாள் யாரும் தேடி வரவில்லை.
வேர்க்கடலை போட்டுத் தின்றோம்.
பதினோராம் நாள், ஏரிக்கு மேலே உள்ள பூங்காவில்
பிள்ளைகள் அதேபோலொன்றை வீசி
சங்கிலி தொங்கும் கூடையில் விழவைப்பதைப் பார்த்தோம்.
லூர்துசாமி கடலையைச் சட்டைப்பைக்குள் கொட்டிக்கொண்டார்.

ஒன்பது கூடை.
நுழைவுச்சீட்டு இல்லை,
ஆடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை,
செருப்போடு ஆடலாம்.
முதல் கூடை நாற்பது தப்படி, நேரே, மரமே கிடையாது;
புதிதாக வருகிறவன் வெட்கப்பட வேண்டாமென்று
யாரோ யோசித்து நட்டிருக்கிறார்கள்.
நான் அதற்கே ஏழு எடுத்தேன்.

இரண்டாவது தட்டை ஜெனிபா என்ற சிறுமி
இருபது ரூபாய்க்கு விற்றாள்,
விளிம்பில் அவள் நாயின் பல்தடத்தோடு.

இருபது கொண்டை ஊசி ஒடித்து ஒடித்து
அவர் மணிக்கட்டுக்கு நேர்கோடு மறந்துவிட்டது.
ஒழுங்காகப் புறப்படும் தட்டு
பாதி வழியில் எதிரே லாரி வந்ததுபோல்
இடதுபக்கம் ஒதுங்கும்.
ஹாரன் அடியுங்க என்பேன். முறைப்பார்.
என் தட்டு வேறு ரகம்:
ஏறிய இடத்திலேயே இறங்கிவிடும்.

மூன்றாவது கூடைக்குப் பக்கத்தில் பூப்பாத்தி,
பூக்களைப் பறிக்காதீர் என்று பலகை.
"பறிக்கலைதான், தலையை நசுக்கிட்டீங்க"
என்றாள் செங்காயி, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு.
அபராதம் இரண்டு காலிச் சாக்கு.
டவுனிலிருந்து கொண்டுவந்து கொடுத்தோம்.
அடுத்த வாரம் இன்னும் ரெண்டு.

கணக்கு என் உள்ளங்கையில், பால்பாயின்ட் பேனாவால்.
டிக்கெட்டின் பின்பக்கம் எழுத மனம் வராது.

இன்று ஐப்பசிப் பனி.
சில்வர் ஓக் மரங்கள் முட்டிவரைக்கும்தான் இருந்தன.
ஏழாவது கூடையைக் காணவே இல்லை.
"அங்கதான இருந்துச்சு, எங்க போயிடும்"
என்று மூன்றாவது வீச்சை வீசினார்.
தட்டு வெள்ளைக்குள் போனது.
இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் கேட்டது.
ஏரிப்பக்கம் யாரோ இருமினார்கள்.
அப்புறம்
சளங்கென்று சங்கிலி.

ஓடினோம். ஐம்பத்திரண்டு வயதுக்காரர் என்னை முந்தினார்.
கூடை காலி.
தட்டு கீழே ஈரப்புல்லில் கிடந்தது.

"பட்டுத் தெறிச்சிருக்கு. சத்தம் கேட்டியா இல்லியா?"
கேட்டது.
"அப்ப எழுது, மூணு."

பத்தொன்பது வருடமாக
ஒரு ரூபாய் குறைந்தாலும் கைக்காசு போட்டுக் கட்டுகிறவன் நான்.
படியில் கால் வைத்தவனெல்லாம் பயணியா என்றேன்.
"செக்கர் வந்தா நான் சொல்லிக்கிறேன்" என்றார்.
அந்தப் பனிக்குள் செக்கர் எங்கிருந்து வருவார்?
கூடையைத் தொட்டேன்.
சங்கிலி இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.
இத்தனை வருடத்தில் இவர் என்னிடம்
ஒன்றைக் கேட்டது இதுதான்.
உடம்பு முடியாத நாளில்கூட
தண்ணீர் பாட்டிலைத் தானே எழுந்து எடுத்துக்கொள்வார்.

திரும்பி நின்று எழுதினேன்.
மிச்சம் இரண்டு கூடைக்கு நேரமில்லை.

பன்னிரண்டு மணி. பதினேழு பேர், இரண்டு தார் மலைவாழை.
அடிவாரம் நாலு, அஸ்தம்பட்டி ஒன்று என்று
சில்லறை நீட்டும்போது
வாழைத்தார்க்காரம்மா என் கையைப் படித்துவிட்டு
"யாரு தம்பி ஏழு?" என்றார்.
நான்தான் என்றேன்.

பதினாலாவது வளைவில்
மேலே இருக்கும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.
"மூணுதான?"

எதிரே வண்டி ஏதுமில்லை.
பள்ளம் முழுக்கப் பனி.
ரெண்டு விசில் கொடுத்தேன்.