இதரச் செலவுகள்

பதினோரு நாள், நாளுக்கு நாற்பது டாலர்.
வரவுசெலவுத் தாளில் நான்
"இதரம்" என்ற வரியில் இருந்தேன்,
பயணக் காப்பீட்டுக்கும் தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் நடுவே.
பெயர் புருல். வேலை மொழிபெயர்ப்பு.

அட்-பாஷி மருத்துவமனைக்கு
ஆக்சிஜன் எந்திரம் வந்த வருடம் அது.
மூன்று லாரி. கணவாயில் பனி.
பெட்டியின்மேல் ஒரு கொடி,
கொடிக்குக் கீழே "மக்களின் அன்பளிப்பு."
எந்த மக்கள் என்று கேட்டாள் ஜைபர்குல், இரவு நர்ஸ்.
கடலைவிடத் தாழ்ந்த நாட்டு மக்கள், என்றேன்.
தாழ்ந்தா? பிறகு எப்படி உயிரோடிருக்கிறார்கள்?
அதற்கும் எந்திரம் வைத்திருக்கிறார்கள்.

வல்லுநர் யோரித் நல்லவர்.
இதைச் சொல்லியாக வேண்டும்;
இந்த மாதிரிக் கதைகளில்
வல்லுநர் கெட்டவராயிருந்தால் எல்லோருக்கும் வசதி.
முழங்காலிட்டு ஒவ்வொரு திருகையும் தானே முடுக்கினார்,
குதிரைப்பால் குடித்து இரண்டு நாள் படுத்தார்,
குறைசொல்லவில்லை.

கணக்கை நான்தான் மொழிபெயர்த்தேன், அதனால் தெரியும்.
நூறில் அறுபத்திரண்டு
ஊதியம், விமானம், அவர்கள் தலைநகரில்
ஓர் அலுவலக வாடகையில் பங்கு,
மதிப்பீட்டை மதிப்பிட வரும் குழுவுக்குத் தனியே.
கடலில் முகந்த நீர் மலைவரை வந்து
எங்கள் கூரையை நனைத்துக் கடலுக்கே திரும்பிற்று.
நனைத்ததை நான் மறுக்கவில்லை.

"திறன் மேம்பாடு." எங்கள் மொழியில் அதற்குச் சொல் கிடைக்கவில்லை.
முதல்நாள் "கை பழகுதல்" என்றேன்.
மறுநாள் "கற்றுத் தருதல்."
நான்காம் நாளிலிருந்து
அந்தச் சொல் வரும்போதெல்லாம் இருமினேன்.
யாரும் கவனிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கையளிப்பு விழா.
ரிப்பன், மைக், வேகவைத்த ஆட்டிறைச்சி.
இருபது வருடமாய்க் கொதிகலன் பார்க்கும் சகின்பெக்கை
இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.
தொப்பியைக் கையிலெடுத்துக்கொண்டு சொன்னார்:
"முள் எண்பத்திரண்டில் நிற்கிறது, தொண்ணூற்று மூன்று வேண்டும்.
கடல்மட்டத்துக்குச் செய்த எந்திரம் இது.
இங்கே காற்றே மெலிசு.
அவர்களிடம் சொல்."

கேமராவைப் பார்த்தேன்.
ஆறிக்கொண்டிருந்த இறைச்சியைப் பார்த்தேன்.
"மிகவும் நன்றியுள்ளவராய் இருக்கிறாராம்," என்றேன்.

கைதட்டல்.
தன் பேச்சுக்கென்று நினைத்து
சகின்பெக்கும் தட்டினார்.

அன்றிரவே அவர் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.
மெதுவாக விட்டால் முள் ஏறுகிறது.
ஏறிற்று.
ஆறு படுக்கை மூன்றாயிற்று.

பதினோராம் நாள், காருக்கருகே, யோரித்திடம் சொன்னேன்,
என் பொய்யையும் சேர்த்து.
கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்,
முள்ளுக்கு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.
பிறகு தன் மொழியில் ஒரு வார்த்தை சொன்னார்;
அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
அறிக்கை முந்தின நாளே போய்விட்டிருந்தது.
பயனாளிகள்: ஆறு படுக்கை. நிலைத்த தன்மை: உண்டு.
இரண்டாம் கட்டத்தில் சரிசெய்யலாம், என்றார்,
கையைப் பற்றிக்கொண்டு.

இரண்டாம் கட்டத்தை
அவர்கள் நாடாளுமன்றத்தில் ஒரு வியாழன் மாலை,
வேறு பலவற்றோடு சேர்த்து,
நீக்கினார்கள். யார்மீதும் கோபமில்லாமல்.
கடிதம் என்னிடம் வந்தது, இம்முறை கூலியில்லாமல்.
"முன்னுரிமைகள் மாறியுள்ளதால்."
ஒரு சொல்லும் விடாமல் படித்துக்காட்டினேன்.
கேட்டு முடித்த சகின்பெக்
"இவ்வளவுதான் எழுதியிருக்கிறதா,
இல்லை, நீ எதையாவது மாற்றினாயா?" என்றார்.
அவருக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

கொடி ஒட்டியிருந்த தாள் ஒரு மூலையில் சுருண்டுவிட்டது.
எந்திரம் ஓடுகிறது.
மூன்று குழந்தைகள் மூச்சு விடுகிறார்கள்.
நான்காவது வரும் இரவில் என்ன செய்வாய் என்று
ஜைபர்குலையும்
கேட்டதில்லை.