முத்தியால்பேட்டை விடுதி, மூன்றாம் நாள்

ஹார்மோனியத்தைத் திறந்தேன்.
ஒரு கொண்டை ஊசி, பாகூர் பஸ் டிக்கெட்,
வேர்க்கடலைத் தோல்.
பாடினவர்கள் நல்லாத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும்,
அடியைச் சுரண்டினால் இறங்கும்.
நான் நடுவில் சுரண்டி
ஒடித்துவிட்டேன்.
"உப்புக்காத்து" என்றேன்.
பெலிசித்தா சிரிக்கவில்லை;
அவள் வயலினில் இன்னும் பசை காயவில்லை.

ராத்திரி ஆறு பேர், நாலு கட்டில்.
கொசுவர்த்தியோடு அரக்கு வாடை.
குளியலறைக் கதவை யார் திறந்தாலும்
கீல் கத்தும்.
சிதம்பரத்து அஞ்சலாட்சி
இருட்டில் புரண்டு படுத்துச் சொன்னாள்:
"அசல் அஞ்சு கட்டை."

விடிந்ததும்
அந்தக் கதவை ஆட்டி ஆட்டித்தான்
புது ரீடுக்குச் சுருதி சேர்த்தேன்.

ஆறு பேர் பையிலும் எண்ணெய்க் குப்பி இருக்கிறது.
கீலுக்கு யாரும் விடவில்லை.