எந்த நாளிலிருந்து

மார்ச் மாதம். வின்னிபெக்கில் ஆறு
இன்னும் கல்லாகத்தான் கிடக்கிறது.
தோராவின் சமையலறை மேசையில் இரண்டு ஆறுகளை விரித்திருக்கிறோம்.
சுருண்டுகொள்ளும் மூலைகளுக்கு
மிளகுக் குப்பி, காபிக் குவளை, அவள் கைப்பேசி,
என் முழங்கை.

இருபத்தோரு வருடம் அஞ்சல் பிரித்தவர்கள் நாங்கள்,
இரவுப் பணி.
அடுத்தவர் முகவரியெல்லாம் விரல்நுனியில்.
முகவரியே இல்லாத ஓரிடத்துக்குப் போய்ச்சேர்வதை
இப்போதுதான் யோசிக்கிறோம்.

தோராவுக்கு ஹார்ட்னெல் வேண்டும்.
ஏழு அருவி, ஒன்பது நாள்,
போவதற்கு மிதவை விமானம்.
பெயரைச் சொல்லும்போதே நிமிர்ந்து உட்காருகிறாள்.
மற்றது இரண்டாம் நாரை ஆறு.
முதலாம் நாரை எங்கே ஓடுகிறதென்று
வரைபடத்துக்கே தெரியவில்லை.
பெயரிலேயே தோற்ற ஆறு, என்கிறாள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும்;
ஆற்றையே அளக்க
என்னிடம் இருப்பது ஒரு சிவப்பு நூல்.
வளைவுக்கு வளைவு நகத்தால் அழுத்தி
நீலக் கோட்டின்மேல் படுக்கவைத்து
எடுத்து அளவுகோலில் நீட்டினேன்.
நாரைக்கு நாற்பது கிலோமீட்டர்.
நமக்குத் தொண்ணூற்று நான்கு.
அத்தனை அவசரமில்லாத தண்ணீர்.

பழுப்புக் கோடுகள் நீலத்தை எங்கெங்கே வெட்டுகின்றன
என்று எண்ணினேன்.
தள்ளித் தள்ளி வெட்டினால் ஆறு நடக்கிறது.
நெருக்கி வெட்டினால் விழுகிறது.
ஹார்ட்னெல்லில் ஓரிடம்,
என் சுண்டுவிரல் நகத்துக்குள் ஐந்து கோடு.
அங்கே கரையேறி
முப்பத்திரண்டு கிலோ படகைத் தலைக்குமேல் கவிழ்த்து
ஒன்றரை கிலோமீட்டர் நடக்கவேண்டும்,
மூட்டைகளுக்காகத் திரும்பவேண்டும்,
மறுபடி நடக்கவேண்டும்.
ஒன்றரை என்பது நாலரை.

அகலக் கால் வைக்கிறோமோ, என்றேன்.
உனக்குக் காலே குட்டை, என்றாள்.

போன ஆகஸ்டில் ஏரியில்
படகைக் கவிழ்த்துப் பழகியபோது
மேலே வந்தவளுக்குக் கரை எந்தப் பக்கமென்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.
தோரா சிரித்துக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை.
அதை இன்றைக்கும் சொல்லவில்லை.
ஜூன் மாதத்துக் கறுப்பு ஈயைப் பற்றி விரிவாகச் சொன்னேன்.

டெல்ஃபீன் ஃப்ளெட்டுக்கு ஃபோன் போட்டோம்.
இறங்கும் இடத்தில் நாங்கள் விட்டுப்போகும் வண்டியை
ஏறும் இடத்துக்குக் கொண்டுவந்து வைப்பவள்.
பின்னால் நாய் குரைத்தது, குழந்தை எதையோ கொட்டியது.
ஹார்ட்னெல்லா? மூன்றாம் அருவிப் பாதை எரிந்து நாலு வருடம்,
மரமெல்லாம் குறுக்கே, ரம்பம் எடுத்துக்கங்க.
போகாதே என்று சொல்லவே இல்லை.
ஒன்றே ஒன்று கேட்டாள்:
எந்த நாளிலிருந்து நான் கவலைப்படணும்?

தோரா விரல் விட ஆரம்பித்தாள்.
ஒன்பது நாள். ஏரியில் காற்று நின்றுவிடாமல் அடித்தால் இரண்டு.
எரிந்த பாதைக்கு ஒன்று. விமானம் தாமதித்தால்,
யாருக்காவது கணுக்கால் பிசகினால்.
கை மாறினாள்.
பாதியில் நிறுத்தினாள்.

மேசைக்கடியில் ஃப்ரிட்ஜ் சத்தம்கூடக் கேட்டது.
அப்போதுதான் சொன்னேன், கரை தெரியாமல் போனதை.
எவ்வளவு நேரம், என்றாள்.
தெரியல.
எனக்கும் ஒருமுறை, என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

இரண்டாம் நாரை.
நாலாம் நாள் காட்டுச் சாலையின் பாலம் ஒன்று குறுக்கிடும்,
போதுமென்றால் அங்கேயே ஏறிவிடலாம்.
ஜூலைக் கடைசி. ஞாயிறு, மாலை ஆறு மணி.
டெல்ஃபீன் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது,
பென்சில் போலிருந்தது.

நானூறு கிலோமீட்டர் தள்ளி
முகம் பார்த்திராத ஒருத்தி
எங்களுக்காகக் கவலைப்பட நேரம் குறித்துவிட்டாள்.

தோரா ஹார்ட்னெல்லை மடித்துப்
பரண்மேல் வைக்கவில்லை;
ஃப்ரிட்ஜில் காந்தம் போட்டு ஒட்டினாள்.
பனிக்குள் பேருந்துக்கு நடந்தபோது
கையுறைக்குள் எதுவோ உறுத்தியது.
தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர்,
சிவப்பாக, சுருண்டு.