வாய்க்கு ஒரே ஒரு கட்டம்

கட்டோவிட்சே நகரம், எட்டாவது மாடி.
சமையலறை மேசைமேல் கறுப்பு வெள்ளை டிவி.
ஹாம்பர்கிலிருந்து சித்தி துவாலையில் சுற்றி அனுப்பிய கம்ப்யூட்டர்.
கேசட் ஐந்து நிமிடம் கீச்சிடும்.
அதுவரை நானும் லுதோமிரும் அசையமாட்டோம்;
தும்மினால் ஆட்டம் ஏறாது என்று ஒரு நம்பிக்கை.

பிறகு அவள் வருவாள்.
பதினாறு கட்டம் உயரம்.
கண்ணுக்கு இரண்டு. வாய்க்கு ஒன்று,
அதுவும் சற்றே வலப்பக்கம் தள்ளி.
கையில் விளக்கு. பின்னால் கடல்.
கடல் என்றால்,
ஒன்றுவிட்டு ஒன்றாய் வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான்.
எங்கள் ஊர் கரிச்சுரங்க ஊர்.
நான் பார்த்த முதல் கடல் அது.

"சிரிக்கிறாள்" என்பான் லுதோமிர்.
"அழுகையை அடக்குகிறாள்" என்பேன்.
அந்த ஒரு கட்டத்துக்காக
ஒரு கிறிஸ்துமஸ் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.
கோட்டின் நிறத்திலும் வழக்கு:
அவனுக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை.
மேல்வீட்டில் கலர் டிவி இருந்தது.
போய்ப் பார்த்துவிடலாம் என்று
இருவருமே சொல்லவில்லை.

முப்பத்து நான்கு வருடம் கழித்துப்
புதுப்பித்து வெளியிட்டார்கள்.
இமைமயிரை எண்ணலாம்.
விளக்குத் திரி புகைகிறது.
அலை வந்தால் பாறை நனைகிறது, மெல்லக் காய்கிறது.
கோட்டு ஊதா.
அவளுக்கு யாரோ ஒரு நடிகையின் முகம்.
நல்ல முகம்தான், குறை சொல்ல முடியாது.
ஆனால் எங்கள் வழக்கில்
எங்களைக் கூப்பிடாமலே தீர்ப்பு எழுதியிருந்தது.

லுதோமிர் கண்ட்ரோலரை வைத்துவிட்டு
டீக்குத் தண்ணீர் போடப் போனான்.
"பழைய படத்தில் ஒன்றுமே இல்லை" என்றான் அங்கிருந்து.
"நாம் சின்னவர்களாக இருந்தோம். அதுதான் அழகாயிருந்தது."
நானும் நம்பியிருப்பேன்.

மெனுவின் அடியில் ஒரு பொத்தான்: பழைய தோற்றம்.
அவன் மகள் கலினா அழுத்தினாள்.
ஒன்பது வயது. கேசட்டைத் தொட்டதில்லை.
எங்கள் டிவியின் போட்டோவைப் பார்த்து
மைக்ரோவேவ் என்றவள்.
ஏங்குவதற்கு அவளிடம் எதுவும் கிடையாது.

கோட்டு அதிலும் ஊதாதான்; இருவருக்கும் தோல்வி.
கண்ணுக்கு இரண்டு கட்டம். வாய்க்கு ஒன்று.
யார் வைத்ததோ அந்த ஒன்றை.
இடம் போதாமல் தள்ளினாரோ,
நாள் முழுக்க நகர்த்தி நகர்த்திப் பார்த்து
அங்கே விட்டாரோ.
கலினா திரையருகே போய் நின்றாள்.
வெகுநேரம் நின்றாள்.

"இவளுக்கு ஏதோ மறந்துபோச்சு.
வாயில் வருது, வெளியே வரலை."

லுதோமிர் காலி கோப்பையோடு வாசலுக்கு வந்தான்.
"இல்லை. சிரிக்கிறாள்."
"அடக்குகிறாள்" என்றேன்,
அந்தப் பழைய கோபம் தொண்டைவரை வந்துவிட்டது.
உள்ளே கெட்டில் கீச்சிடத் தொடங்கியது.
யாரும் போகவில்லை.

"ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க" என்றாள் கலினா,
"மறைக்குது."