பென்குயின் கொட்டகை, பாசல்

காலை ஏழு. ரெத்தோ வாளியை நீட்டுகிறான்.
மீன் வாடை கையுறைக்குள்ளும் வந்துவிடும்.

அரசப் பென்குயினுக்குக் கூடு கிடையாது.
ஒற்றை முட்டையைப் பாதத்தில் ஏற்றி
வயிற்று மடிப்பால் மூடி
நிற்கிறது, நிற்கிறது.
நகர்ந்தாலும் முட்டையோடுதான்.

ஜென்டூ அப்படியில்லை.
நேற்று நான் கொட்டிய கூழாங்கற்களுக்கு
இன்னும் வழக்கு முடியவில்லை.
பக்கத்து வீட்டுக் கல்லைக் கவ்விக்கொண்டு
ஒன்றும் அறியாததுபோல் வருகிறது ஒன்று,
செம்மஞ்சள் அலகில் களவோடு.

தடுப்புக்கு அப்பால்
கழுதைபோல் கத்துகிறது ஆப்பிரிக்கப் பென்குயின்.
பனி என்றால் என்னவென்று
அதன் வம்சத்துக்கே தெரியாது,
எனக்குத் தெரியாதிருந்ததுபோல்.
மார்பில் கரும்புள்ளிகள்.
ஒன்றுக்கு உள்ளது இன்னொன்றுக்கு வராதாம்.
"ஆளைக் கண்டுபிடிக்க அதுவே போதும்" என்கிறான் ரெத்தோ.

பதினொரு வருஷம் எஃப் அட்டையோடு இருந்தவன் நான்.
பத்து விரலையும் மையில் தோய்த்து
மேசை மேசையாய் உருட்டிக் கொடுத்தவன்.
சிரிப்பு வந்துவிட்டது.
வாளியைக் கவிழ்த்தேன்.

அந்த நேரம் பார்த்து அந்தக் கள்ளன்
என் சப்பாத்தின்மேல் கல்லை வைத்துவிட்டு
ஒருமுறை அண்ணாந்து பார்த்தான்.

ரெத்தோ கூப்பிடுகிறான்.
காலை எடுக்க மனமில்லை.