நாளுக்கு முப்பத்தாறு விநாடி

கடிகாரம் கடற்கரையிலிருந்து ரயிலில் வந்தது,
வைக்கோல் திணித்த பெட்டியில்.
ஊசலைத் தனியே கழற்றிக்
கம்பளியில் சுற்றியிருந்தார்கள்,
முறிந்த காலைச் சுற்றுவது போல.

அரிக்காவில் பதினோரு ஆண்டு
ஒரு நொடி பிசகாமல் ஓடியது என்று
சீட்டு ஒட்டியிருந்தது.
நாலாயிரம் மீட்டர் மேலே,
விறகு பிளந்தாலே மூச்சு வாங்கும் எங்கள் நிலையத்தில்
முதல் நாளே பிந்தியது.

எனக்குத் தெரியும். தந்திக் கருவி என் பொறுப்பு.
தினமும் நண்பகலில் அரிக்கா ஒரு தட்டு தட்டும்.
டக். அதுதான் பன்னிரண்டு.
எங்கள் முள்ளுக்கு அப்போது
இன்னும் முப்பத்தாறு விநாடி பாக்கி.
மறுநாள் எழுபத்திரண்டு.
வாரக் கடைசியில் நாலு நிமிடத்துக்கு மேல்.
சரக்கு வண்டி பனியில் காத்து நின்றது.
லாமாக்கள் மென்றபடி பார்த்தன.

ஆய்வாளர் உர்மெனெத்தா ஏறி வந்தார்.
மூக்கில் ரத்தம், கையில் கோக்கா தேநீர்.
"சாவி கொடுக்காமல் தூங்குகிறான்" என்று
ஃபெர்மின் யுஹ்ராவின் கூலியில்
இரண்டு நாளை வெட்டினார்.
ஃபெர்மின் சோம்பேறிதான்,
சாவி கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும்.
அதனால்தான் எனக்கு எரிச்சல்.

அன்றிரவு வண்டி இல்லை.
தந்திக் கம்பியில் இரண்டு துண்டு நறுக்கி
ஒன்றில் தண்டவாள ஆணி,
ஒன்றில் உருளைக்கிழங்கு கட்டி
உத்தரத்தில் தொங்கவிட்டேன். ஒரே நீளம்.
ஒன்றாக விட்டேன்.
ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தன.
எடைக்கு அங்கே மரியாதை இல்லை.

ஆணியைக் கொஞ்சம் அதிகம் இழுத்து விட்டேன்.
அதற்கு வழி நீளம், வேகமும் அதிகம்;
கிழங்குக்கு வழி குறைவு, நடையும் மெத்தனம்.
இரண்டும் ஒரே கணத்தில் வாசலுக்கு வந்தன.
(ரொம்பவும் இழுத்தால் மயிரிழை பிந்தும்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.)

கம்பியைப் பாதியாக வெட்டினேன்.
நேரமும் பாதியாகும் என்று நினைப்பு.
பத்துக்கு ஏழுதான் ஆனது.
அந்தப் பாதியையும் பாதியாக்கிய பிறகே
நேரம் பாதிக்கு இறங்கியது.
ஊசல் வீட்டுக் கணக்கில் வட்டி வேறு.

சரி, நீளம்தான் குற்றவாளியா?
இந்தக் குளிரில் இரும்புத் தண்டு சுருங்கும்.
சுருங்கினால் முந்த வேண்டும்.
இதுவோ பிந்துகிறது.
மிச்சமிருப்பவள் ஒருத்திதான்:
கீழிருந்து இழுப்பவள்.
விதைக்கும் முன் என் அம்மா
ஒரு மடக்குச் சாராயம் ஊற்றுவாளே, அவள்.

குண்டு ஒதுங்கும்போதெல்லாம்
நடுவுக்குக் கூப்பிடுவது அவள்.
நடுவுக்கு வந்தும் நிற்க முடியாமல்
மறுபக்கம் ஓடிவிடுவது அது.
கூப்பிடுவதும் தாண்டுவதும்,
பற்சக்கரம் எண்ணுவது இதைத்தான்.
இந்த உயரத்தில் அவளிடமிருந்து சற்றே தூரம்.
ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை
அவள் குரல்.
குண்டுக்கு அது போதும்,
காது கேளாதவன் போல் மெதுவாகத் திரும்ப.

குண்டின் அடியில் ஒரு மரை இருக்கிறது.
ஃபெர்மினை ஏணி பிடிக்கச் சொல்லித் திருகினேன்.
குண்டு ஏறியது
அரைக் கினோவா மணி உயரம்.
நாலைந்து நாள் திருகித் திருத்தி,
ஒரு நண்பகல் அரிக்கா தட்டியபோது
முள் அங்கே ஏற்கெனவே
கைகட்டி நின்றது.

பிறகு கடிதம்:
குணமான கடிகாரத்தை அனுப்பவும்,
ஆய்வாளர் அறைக்கு வேண்டும்.
வைக்கோலில் படுக்க வைத்தோம்.
மரையை நான் தொடவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது அது கீழே முந்துகிறதாம்.
வாரத்துக்கு நாலு நிமிடம் முன்னதாக
உர்மெனெத்தா மேடையில் நின்று
வண்டி தாமதம் என்று கத்துகிறாராம்.
தந்தியில் நாங்கள் எல்லோரும்
அதைச் சிரிக்காமல் அனுப்பிக்கொள்கிறோம்.

வெட்டிய கூலி திரும்பவில்லை.
வேறொரு கடிகாரம் வந்திருக்கிறது.
பெட்டியின் ஆணியைக் கூட இன்னும் பிடுங்கவில்லை,
ஃபெர்மின் ஏணியோடு நிற்கிறான்.